கன்னி மாதத்துக்கு முன்னால் வந்த தனு

"நான் செய்யல்லம்மா!" என்றபடி ஆனந்தபாயின் வீட்டுக்குள் நுழைந்தாள் ஜின்சி. கோபத்தில் அழுகைகூட வரவில்லை.

உதியன்குளங்கரை கம்ப்யூட்டர் சென்டரில் அவள் ஆபரேட்டர். குவாரியால் தன் கிணறு வற்றியதென்று ஓய்வுபெற்ற வாத்தியார் கிருஷ்ணன்குட்டி வழக்குப் போட்டிருந்தார். மலையாள மாதக் கணக்கில் அவர் எழுதிய ஓராண்டு நீர்மட்டக் குறிப்பை அவள் மாதத்துக்கு ஒரு பிடிஎஃப் கோப்பாக்கினாள். பன்னிரண்டையும் இமெயிலில் அனுப்பினால், ஒன்றாக்கிப் பக்க எண்ணும் போட்டுத் தானாகவே திருப்பியனுப்பும் வெளிநாட்டுச் சேவை ஒன்று இருந்தது. வந்ததை அப்படியே அச்சடித்தாள். பார்த்தால் மாதங்கள் தாறுமாறு. கிணறு வற்றி, நிறைந்து, மறுபடி வற்றியது. தாளை மாற்றி அடுக்கினால் பக்க எண் காட்டிக்கொடுத்துவிடும்.

ஜின்சியின் மாமா குவாரியில் டிரைவர். போதாதா? வாத்தியார் கத்திய கத்தலில் முதலாளி கனகதாஸ் அவளை வேலையை விட்டே நிறுத்திவிட்டார். மூன்று மணிக்குள் நெய்யாற்றின்கரை கோர்ட்டில் தாள் இருக்க வேண்டும்.

ரயில் தபாலில் முப்பது வருஷம் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்து அடுக்கிய ஆனந்தபாய் நிதானமாகப் புரட்டினார். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரன் ராஜப்பனுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

"மாமன் வேலையாக்கும் அக்கா! பிடிச்சு ரெண்டு கேட்டா..."

"எலே, சும்மா இரி. சிங்ஙம் முதல்ல வந்தது சரி. அடுத்து கன்னி வரணும். தனு வந்திருக்கு, பிறகு இடவம். ஆனா மாசத்துக்குள்ள ஒரு தாளும் மாறல்ல. கெடுக்க வந்தவன் இவ்வளவு மரியாதையாவா கெடுப்பான்? மக்கா, கோப்புக்கு என்ன பேரு வெச்ச?"

"மாசப் பேருதான். இங்கிலீஷ் எழுத்துல."

ராஜப்பனின் ஆட்டோ மூவரையும் சென்டரில் இறக்கியது. வாத்தியாரும் கனகதாஸும் அங்கேதான் இருந்தார்கள்.

"சிங்ஙத்துக்கு சி, தனுவுக்கு டி, இடவத்துக்கு இ, கன்னிக்கு கே," என்றார் ஆனந்தபாய். "நாங்க தபாலுல ஊர்ப்பேரை அடுக்குறது போல மெஷின் ஏபிசிடி வரிசையில அடுக்கியிருக்கு. அதுக்கு நம்ம மலையாளக் கொல்லம் வருஷம் தெரியுமா? முதல் மாசம் சரியா இருந்ததால யாரும் மேலே புரட்டல்ல."

கனகதாஸ் நாற்காலியை இழுத்துப் போட்டார். ஜின்சி உட்கார்ந்து, கோப்புகளுக்கு ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் போட்டு அனுப்பினாள். லைன் இரண்டு முறை அறுந்தது. இந்தப் பாழாய்ப்போன மெஷின் முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா என்று எரிச்சலாக வந்தது. இரண்டே காலுக்குத் தாள் கையில் வந்தது, வரிசை சரியாக.

வாத்தியார் வாங்கிக்கொண்டு தயங்கினார். "மக்கா, மனசுல ஒண்ணும் வெச்சுக்காத."

"மனசுலதான் சாரே வெச்சிருக்கேன். வேற எங்க வெக்க?" என்றாள் ஜின்சி. "ஓடுங்க, கோர்ட்டு அடைச்சிருவாவ."