கைப்பிடி இல்லாத சுவர்

மார்ச் மாதம் இரண்டாவது சனிக்கிழமை, அடுக்குமாடிக் குடியிருப்பின் பதினோராம் மாடியில், கிழக்குப் பக்க வீட்டின் உள் அலங்கார வேலை முடிந்து சாவி கைமாறியது.

அவளுடைய கணவர் படம் படமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்த அலங்காரம் அது. சுவர், கூரை, சமையலறை மேடை எல்லாம் பளபளப்பில்லாத கறுப்பு. கூடத்தில் தாழ்வான ஒரு சோபா, தரையோரம் மங்கலாக எரியும் ஒரு விளக்குக் கோடு, அவ்வளவுதான். அலமாரிகள் சுவரோடு சுவராக மறைந்திருந்தன. கைப்பிடி கிடையாது. சரியான இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினால் உள்ளே எங்கோ ‘டிக்’ என்று கேட்கும், பலகை விரலளவு விலகும். வேண்டாத எதுவும் கண்ணில் படக் கூடாது என்பது வடிவமைப்பாளரின் கொள்கை. வீடு பார்க்க வந்த அவளுடைய அக்கா, “பட்டப்பகல்லயே டார்ச் அடிச்சுத்தான் உன்னைத் தேடணும் போலிருக்கேடி” என்றாள். கணவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அவளுக்கு ஒரே தொல்லை, கைத்தடம். கறுப்புப் பலகையில் விரல் பட்டால் அப்படியே நிற்கும். ஐந்து வயது மகளை வீட்டில் சுண்டெலி என்றுதான் கூப்பிடுவார்கள். சுண்டெலி போன வழியெல்லாம், தன் இடுப்புக்குக் கீழே பதிந்த சின்னச் சின்னத் தடங்களை அம்மா ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே போவாள். ஒரு காலை, கூடத்தின் கடைசி மூலையில் இருந்த தடம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. பிசுக்கு இல்லை, சாம்பல் நிறத் தூள். துணியை முகர்ந்து பார்த்தாள். ஈரச் சிமெண்ட் வாசனை.

புது வீடு, எங்காவது தூசி ஒட்டியிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. நாள் முழுவதும் காதில் ஹெட்ஃபோன். முணுமுணுப்பிலிருந்து சொல்லைப் பிரித்தெடுத்துப் பழகிய காது அது. அதனால்தான் அந்த ‘டிக்’ அவளுக்கு உறுத்தியது. மற்ற அலமாரிகளின் சத்தம் பலகைக்குப் பின்னாலேயே கேட்கும். மூலையில் கேட்டது ஆழத்திலிருந்து வந்தது, கிணற்றுக்குள் விழுந்த கூழாங்கல் மாதிரி.

சுண்டெலிக்கு அந்த மூலைதான் ஒளிந்து விளையாடும் இடம். ஒளியப் போகும்முன் வந்து நிற்பாள். “அம்மா, போயிட்டு வரேன்.” வெளியூர் கிளம்புகிறவளைப் போல முகத்தை வைத்துக்கொண்டு சொல்வாள். “போயிட்டு வாங்க மகாராணி” என்று இவள் சிரிப்பாள். ஒருநாள் வேலை மும்முரத்தில் வெறுமனே தலையை ஆட்டினாள். குழந்தை நகரவில்லை.

“வாயால சொல்லும்மா.”

“என்னத்த?”

“போயிட்டு வான்னு. வா சொல்லணும்.”

சொன்ன பிறகுதான் போனாள். திரும்பி வந்தபோது அவள் கைகள் ஐஸ் கட்டி போலச் சில்லிட்டிருந்தன.

சமையலறை இழுப்பறையைச் சரிசெய்ய வந்த தச்சரிடம், கூடத்து மூலை அலமாரி உள்ளேயிருந்தும் திறக்கும்படி செய்ய முடியுமா, குழந்தை மாட்டிக்கொள்ளப் போகிறது என்று கேட்டாள். அவர் மூலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். அங்கே அலமாரியே கிடையாது என்றார். கட்டடத்தின் வெளிச்சுவர் அது. கான்கிரீட் மேல் பலகையை ஒட்டியதே அவர்தான். அந்தப் பக்கம் பதினோரு மாடி ஆகாயம். “நடுவுல ஒரு ஈ கூட நுழைய முடியாதுங்க.”

அவள் அழுத்திப் பார்த்தாள். அசையவில்லை. கணவர் இரவு சாப்பிடும்போது சிரித்தார். சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துவிட்டு உன்னை ஏமாற்றுகிறாள், அவ்வளவுதான் என்றார். மகளோ, உள்ளே ரொம்பப் பெரிசு என்று மட்டும் சொன்னாள். அந்தப் பக்கம் இனி போகக் கூடாது என்று இவள் கண்டித்தாள். சுண்டெலி சரி என்று தலையாட்டினாள்.

வியாழக்கிழமை மதியம். கெட்டியான பலகணித் திரைகள் மூடியிருந்தன. மாலைக்குள் முடிக்க வேண்டிய பதிவு ஒன்று. மருத்துவர் ஒருவர் எதையோ மென்றுகொண்டே பேசியிருந்தார். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக்கொண்டிருந்தாள். முழங்கையை யாரோ இழுத்தார்கள். குழந்தையின் உதடுகள் அசைந்தன. கேட்கவில்லை. மறுபடியும் இழுப்பு. மருந்தின் பெயர் பிடிபடும் நேரம்.

“தொல்லை பண்ணாத. போ.”

கை விலகியது. மருந்தின் பெயர் கிடைத்தது. தட்டச்சு செய்தாள். அடுத்த வரிக்கு முன்னால் மருத்துவர் மூச்சு விட நிறுத்தினார். அந்த இடைவெளியில் கேட்டது.

டிக்.

பதிவில் இல்லை. வீட்டில்.

ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடினாள். மூலையில் பலகை வழவழவென்று மூடியிருந்தது. நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கை. அதன்மேல் தன் கையை வைத்து அழுத்தினாள். மேலே. கீழே. ஓரத்தில். தோளால் மோதினாள். அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது.

“வா,” என்றாள். “வாடா கண்ணு. போயிட்டு வா. அம்மா சொல்லிட்டேன். வா.”

சிமெண்ட் வாசனை மட்டும்.

பிறகு, மிகத் தொலைவில்:

“அம்மா, இப்பதான் சொல்றியா?”

கணவர் வந்தார், தச்சர் வந்தார். பலகையை உளியால் பெயர்த்தார்கள். பின்னால் கான்கிரீட். விரிசல் இல்லை. கணவர் அதன்மேல் காதை வைத்தார். அவர் முகம் வெளுப்பதை இவள் பார்த்தாள். அவருக்கும் கேட்டது. தச்சர் உளியைப் போட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார், லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை.

காவல்துறையினர் மாடி மாடியாகத் தேடினார்கள். சுவரைத் துளையிட்டுப் பார்த்தார்கள். துளை வழியே வெளிச்சம் வந்தது, எதிர்க் கட்டடம் தெரிந்தது. துளைக்குப் பக்கத்தில் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தள்ளி. அவள் தரையில் உட்கார்ந்து வா, வா என்று தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள். அவள் காது அதைக் கடைசிவரை பிரித்தெடுத்தது. ஒரு விடியலில், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு சொல்வது போல, அவசரமில்லாமல்:

“போறேம்மா.”

‘வரேன்’ இல்லை. அதன் பிறகு எதுவும் கேட்கவில்லை.

துளையை அடைத்து, புதுப் பலகை ஒட்டினார்கள். வேறு ஆள் செய்த வேலை. கறுப்பில் வித்தியாசம் தெரியவில்லை. வீட்டை மாற்றிவிடலாம் என்று அக்கா கெஞ்சினாள். குழந்தை திரும்பி வந்தால் வேறு எங்கே தேடும் என்று அவள் மறுத்துவிட்டாள்.

காலையில் கணவர்தான் முதலில் எழுந்து மூலையைத் துடைக்கிறார். சாம்பல் தூளில் ஒரு கைத்தடம், தினமும். முதலில் அது அவள் இடுப்பளவில் இருந்தது. மழைக்காலம் முடிவதற்குள் தோளளவுக்கு ஏறியது.

இன்று காலை அவர் எழுவதற்கு முன்னால் அவளே போய்ப் பார்த்தாள். நாற்காலி போட்டு ஏறி, தலைக்கு மேலே போய்விட்ட அந்தத் தடத்தின்மேல் தன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். விரல்கள் அவளுடையதைவிட நீளமாக இருந்தன.