குளித்த காசு

அந்த வீட்டில் மூத்தவளுக்குத் துருவி என்று செல்லப் பெயர். எதையும் துருவித் துருவிக் கேட்பாள். தம்பி பொடியன் அப்படியில்லை. கேட்கவே மாட்டான்; நேராகச் செய்துவிடுவான்.

அன்றும் செய்துவிட்டான்.

அம்மா பழங்காலச் செப்புக்காசுகள் சேர்ப்பவர். மறுநாள் நூலகத்தில் அவற்றைக் காட்சிக்கு வைக்கப்போகிறார். அவற்றில் ஒரு காசு அம்மாவுக்கு உயிர். அதில் வேலிக்குள் ஒரு மரம் உண்டு. அந்தக் காலத்து மக்கள் கும்பிட்ட மரம்.

அந்தக் காசைத்தான் பொடியன் குளியலறையில் எலுமிச்சம்பழமும் மணலும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். காசு பளபளவென்று மின்னியது. மரத்தைத்தான் காணோம்.

"அடப்பாவி! என்னடா பண்ணினே?"

"சாமி மரம் அழுக்கா இருந்துச்சுக்கா. நாளைக்கு எல்லாரும் பாக்க வருவாங்கல்ல? அதான் குளிப்பாட்டினேன்."

துருவிக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

அம்மா காசை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "பச்சைக் களிம்போட மரமும் போயிடுச்சு. இனி இதை வைக்க முடியாது" என்றார். அதை மேசையில் வைத்துவிட்டு மற்ற காசுகளை அடுக்கப் போய்விட்டார். நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை. பொடியன் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

துருவிக்கு மனசு கேட்கவில்லை. ஓரம் உடைந்ததென்று அம்மா ஒதுக்கிவைத்த காசுகளைக் கிளறினாள். அதே மரம் போட்ட இன்னொரு காசு, களிம்போடு கிடைத்தது.

"அம்மா, ரெண்டையும் சேத்து வைப்போமா?"

"எதுக்குடி?"

"பழைய காசை ஏன் கழுவக் கூடாதுன்னு பாத்தாலே புரியும்ல?"

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சரியான வாலு" என்று சொல்லிவிட்டுப் பெட்டியில் இடம் ஒதுக்கினார்.

மறுநாள் நூலகத்தில் அந்தப் பெட்டியைச் சுற்றித்தான் கூட்டம். துருவி ஓர் அட்டையில் எழுதி வைத்திருந்தாள்: 'குளித்த காசு, குளிக்காத காசு. மரம் எதில் இருக்கிறது?'

தெருமுனைத் தையற்காரர் குனிந்து பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே களிம்பேறிய காசு.

"வீட்டுக்குக் குழி தோண்டுறப்போ கிடைச்சுதும்மா. பாலிஷ் போடத்தான் எடுத்துட்டுப் போறேன். நல்லவேளை, இங்க நுழைஞ்சேன்!"

அம்மா பூதக்கண்ணாடியில் பார்த்தார். களிம்புக்குள் அழகாக ஒரு சக்கரம்.

"இதுவும் அந்தக் காலத்து ஜனங்க கும்பிட்ட சின்னம்தாங்க. பத்திரமா வச்சுக்குங்க."

"சரிம்மா. அது யாரு, இந்தக் காசைக் குளிப்பாட்டினது?"

பொடியன் அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான். அம்மா அவனை முன்னால் இழுத்து அணைத்துக்கொண்டார்.

"எங்க வீட்டுப் பிள்ளைதாங்க. உங்க காசு தப்பிச்சதும் இவனாலதான்."

பொடியன் அம்மாவை அண்ணாந்து பார்த்தான். "உங்களுக்கு என்மேல கோபம் இல்லையாம்மா?"

"இருந்துச்சுடா. போயிடுச்சு."

"அப்ப எனக்குப் பசிக்குது. நேத்துலேர்ந்தே பசிக்குது" என்றான் பொடியன்.

துருவி அவன் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓட்டமாய் ஓடினாள்.