அவர் ஊற்றிய தண்ணீர்

மார்ச் பதினான்காம் தேதி காலை, ஏரிக்கரை முகாம் மைதானத்தில் தண்ணீரை ஒட்டி நிறுத்தியிருந்த வேனிலிருந்து இறங்கி நீந்தப் போனவர் திரும்பி வரவில்லை. படகுகள் விட்டுத் தேடினார்கள். துண்டு கரையில் கிடைத்தது. உடல் கிடைக்கவில்லை.

ஏழு மாதம் கழித்து, மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகலில், அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்தத்தில் நின்ற அதே வேனுக்குள் அவருடைய மனைவி மண்டியிட்டு, ஃபிரிட்ஜுக்குள் இருந்த உறைபெட்டியின் மூடியை ஒரு விரல் அகலம் திறந்து பார்த்தாள். ஐஸ் தட்டு விளிம்புவரை நிறைந்திருந்தது.

அப்படி இருக்க வழியில்லை. அவளுக்கு ரத்த வங்கியில் வேலை. குளிரின் குணம் தெரியும். உறைந்த ஐஸ்கூட உருகாமலே கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றோடு போய்த் தேயும். இந்த ஐஸ் தேய்வதை அவள் மாதாமாதம் பார்த்து வந்திருக்கிறாள். போன முறை பார்த்தபோது ஒவ்வொரு குழியிலும் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. அன்று காலை நீந்தப் போகும் முன் அவர் ஊற்றி வைத்த தண்ணீர் அது. வந்ததும் ஜூஸ் போடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். வேலை செய்யும் இடத்துப் பழக்கத்தில் அவள் அந்தத் தட்டின்மேல் வெள்ளை டேப் ஒட்டி, தேதி போட்டு, ‘தொடக் கூடாது’ என்று எழுதி வைத்திருந்தாள். வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை. ஆனாலும் எழுதியிருந்தாள்.

இருட்டில் சரியாகத் தெரியவில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டு மூடினாள். அடிக்கடி திறந்தால் குளிர் போய்விடும்.

“அண்ணி, பிளக்ல கரண்ட் வருது. ஃப்யூஸும் நல்லாத்தான் இருக்கு.” வேனின் வெளிப்பக்கச் சுவரில் ஃபிரிட்ஜின் முதுகைத் திறந்து வைத்துக்கொண்டு கொழுந்தன் கத்தினான். அவன் லிஃப்ட் மெக்கானிக். “ஃபிரிட்ஜுக்குள்ள ஹீட்டர் இருக்கும்னு இன்னிக்குத்தான் தெரியுது எனக்கு. லிஃப்ட்டே தேவலாம். மேல போகும், கீழ வரும். அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்.”

அந்த ஃபிரிட்ஜில் மோட்டார் கிடையாது. பின்னால் இருக்கும் குழாயைச் சூடாக்கினால் உள்ளே இருக்கும் திரவம் சுற்றிவந்து குளிரைத் தரும். சூட்டுக்கு ஒன்று கேஸ் அடுப்பு, இல்லையென்றால் கரண்டில் ஓடும் ஹீட்டர் கம்பி. கம்பி அப்போதே வேலை செய்யவில்லை. ஏரிக்குப் போய்ச் சேர்ந்த அன்று மாலை, அவர் நீந்தப் போனதற்கு முந்தின நாள், அதைக் கழற்றப் பார்த்தபோது ஸ்பானர் நழுவி அவருடைய கட்டைவிரல் நகம் கறுத்துப்போனது. “விழுந்துடும். புதுசு முளைக்கும், விடு,” என்று சிரித்தார். அதிலிருந்து கேஸில்தான் ஓடிக்கொண்டிருந்தது. கார் நிறுத்தத்தில் நெருப்பு எரியக் கூடாது என்று குடியிருப்பின் செகரட்டரி இன்று காலை பக்கத்தில் நின்று சிலிண்டரைக் கழற்ற வைத்துவிட்டார். மழையில் நனைந்தபடி அது தூணோரம் கிடந்தது.

“ஹீட்டர் செத்துப்போச்சு அண்ணி,” என்றான் கொழுந்தன். உடனே குரல் தணிந்தது. “அதாவது... கம்பி அறுந்துடுச்சு. மீட்டர் ஒண்ணுமே காட்டல.”

கம்பியை உருவி எடுத்து ஜன்னல் வழியே நீட்டினான். வாங்கியவள் கையை இழுத்துக்கொண்டாள்; கம்பி மடியில் விழுந்தது. காலைவரை நெருப்புக்குப் பக்கத்தில் இருந்த இரும்பு. அதன் நுனியில் வெள்ளையாகப் பனி படிந்திருந்தது.

“தட்டை வீட்டு ஃபிரிட்ஜுக்கு மாத்திடலாமே?”

“தட்டு அடியோட ஒட்டி உறைஞ்சிருக்கு தம்பி. வெந்நீர் ஊத்தினாத்தான் வரும்.”

“அண்ணன் இருந்தா சிரிச்சிருப்பாரு. ஒரு தட்டு ஐஸுக்கு இவ்வளவு பாடான்னு.”

“சிரிக்கட்டும்,” என்றாள். “வந்து சிரிக்கட்டும்.”

புதுக் கம்பி வாங்க அவன் பைக்கில் கிளம்பினான். சத்தம் தெருமுனை தாண்டித் தேய்ந்தது. வேனின் தகரக் கூரைமேல் மழைநீர் விட்டுவிட்டுச் சொட்டியது. ஈரத் தார்ப்பாயின் வாடையும் மெத்தையின் வாடையும் உள்ளே தேங்கி நின்றன. சமையல் மேடைமேல் அவருடைய கோலிக்குண்டு உருளாமல் நின்றது. எங்கே வேனை நிறுத்தினாலும் முதலில் அதைத்தான் பார்ப்பார். கோலி உருளாமல் நின்றால் வேன் சமமாக நிற்கிறது. சாய்ந்து நின்றால் ஃபிரிட்ஜுக்குள் திரவம் ஓடாது, குளிராது.

திரவம் ஓடும் சத்தம் கேட்டது.

சன்னமாக, தொண்டையில் தண்ணீர் இறங்குவதுபோல. ஃபிரிட்ஜ் வேலை செய்யும்போது வரும் சத்தம்தான். ஏழு மாதமாக இரவில் வேனுக்கு வந்து படுத்து, அதைக் கேட்டுத்தான் தூங்கினாள். ஆனால் கம்பி அவள் மடியில் இருந்தது. சிலிண்டர் வெளியே கிடந்தது. பிளக்கைக் கொழுந்தன் பிடுங்கித் தரையில் போட்டிருந்தான். எந்தச் சூடும் இல்லாமல் அது ஓடிக்கொண்டிருந்தது.

பாசி வாடை வந்தது. பிறகு சேற்று வாடை.

வேன் ஒரு பக்கம் மெல்ல இறங்கியது. கதவுப் பக்கம். கனத்த ஆள் ஒருவர் படியில் கால் வைத்தால் இறங்குமே, அந்த அளவு. கோலி கதவை நோக்கி உருண்டது. விளிம்பில் முட்டி நின்றது. கதவு திறக்கவில்லை. வேன் மறுபடி நிமிர்ந்தது. கோலி திரும்பி உருண்டது. அவளைக் கடந்து போனது. ஃபிரிட்ஜ் இருக்கும் பக்கம் போய் நின்றது.

அவள் ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பினாள்.

“ஏங்க,” என்றாள்.

ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. பழுதாகி நின்றதுபோல் இல்லை. கூப்பிட்டதும் காது கொடுப்பவர் நிற்பதுபோல் நின்றது.

ஓடிவிடலாம். கதவு மூன்றடி தள்ளித்தான் இருந்தது. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஏழு மாதத்தில் அவள் கூப்பிட்டதற்கு யாரும் இப்படிக் காது கொடுத்ததில்லை.

மூடியைத் திறந்தாள்.

தட்டு நிறைந்திருந்தது. வெள்ளை டேப். அவள் கையெழுத்து. அதே தேதி. ஆனால் ஐஸ் பச்சையாக இருந்தது. உள்ளே தலைமுடிபோல் பாசி. ஏரித் தண்ணீர். ஓரக் குழியில் மட்டும், ஐஸுக்கு நடுவில், கறுப்பாக ஏதோ ஒன்று. குனிந்தாள்.

நகம்.

அழவில்லை. கையை உள்ளே நீட்டினாள். உறைபெட்டி அவள் நினைத்ததைவிட ஆழமாக இருந்தது. முழங்கைவரை போனது. அதற்கு மேலும் போனது.

கொழுந்தன் திரும்பி வந்தபோது மழை விட்டிருந்தது. “அண்ணி, கிடைச்சிடுச்சு! கடைக்காரன் என்னைச் சுத்த விட்டான் பாருங்க, லிஃப்ட்டுக்கு எதுக்குடா இதுன்னு...” படியில் காலை வைத்தவன் அப்படியே நின்றான். அவள் ஃபிரிட்ஜ்மேல் கன்னத்தைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

“கையை எடுங்க அண்ணி.”

“விட மாட்டேங்கறாரு,” என்றாள்.

அவன் வீட்டுக்கு ஓடி வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினான். ரொம்ப நேரம் ஊற்ற வேண்டியிருந்தது. தட்டு பெயர்ந்து வந்தது. ஐஸ் முழுவதும் உருகி வேன் தரையில் ஓடியது. கடைசியாக அவள் கை வந்தது.

மருத்துவமனையில் பனிப்புண் என்று சொல்லிக் கட்டுப் போட்டார்கள். கட்டுப் போடும் முன் அவள் பார்த்தாள். மணிக்கட்டைச் சுற்றி ஐந்து விரல்களின் தடம் வெள்ளையாகப் பதிந்திருந்தது. நான்கு தடங்களின் நுனியில் நகம் அழுந்திய கீறல் இருந்தது. கட்டைவிரல் தடத்தின் நுனியில் ஒன்றும் இல்லை.