முன்கையில் விழுந்த நீல வெளிச்சம்

நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நகரத்து மழை மேலிருந்து இறங்காது; பக்கவாட்டில் வந்து முகத்தில் அறையும். அந்த மழையில் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிள் மிதித்த ஃபென்னா, கால்வாய்ப் பாலத்து முனையில் எதிரே வந்த சரக்குச் சைக்கிளில் போய் மோதினாள்.

அதிலிருந்த ரொட்டிப் பெட்டி எகிறியது... நேரே கால்வாய்க்குள்!

"ஏங்க, இன்னைக்கு வாத்துகளுக்குப் பிறந்த நாளா?" என்றது ஒரு குரல்.

நிமிர்ந்தாள். கால்வாய்த் தண்ணீரைப் போலவே சாம்பலும் பச்சையும் கலந்த கண்கள். கோபம் இருக்க வேண்டிய இடத்தில் சிரிப்பு இருந்தது.

"மன்னிச்சிடுங்க... நான் பாக்கவே இல்ல."

"அப்படி எங்க போற அவசரம்?"

"ஆஸ்பத்திரிக்கு. ஆராய்ச்சி பண்றேன். உடம்புல இருக்கற புரதத்துல சர்க்கரை எப்படி ஒட்டுதுன்னு..."

"என் ரொட்டி மேல ஒட்டற மாதிரியா?"

"அதே மாதிரிதான்! அடுப்புல ரொட்டித் தோல் பழுப்பாகுதில்ல? நமக்குள்ள அடுப்பு இல்ல, அதனால அது வருஷக்கணக்கா மெதுவா நடக்குது. கூடவே துருப் பிடிக்கிற மாதிரி ஒரு வேலையும் நடக்கும். துரு ஏற ஏறச் சர்க்கரை வேகமா ஒட்டும். ஒட்டின சர்க்கரை இன்னும் துருவைக் கிளப்பும். கடைசியில கண்ணு, ரத்தக்குழாய், சிறுநீரகம்..."

சட்டென்று நிறுத்தினாள். கொட்டும் மழையில், முன்பின் தெரியாத ஆளிடம்... என்ன இது!

"நிறுத்தாதீங்க. வாத்துங்ககூடக் கேக்குது" என்றான் அவன். பெயர் ரைண்டர். அடுத்த தெரு ரொட்டிக்கடை அவனுடையது.

"ஒப்பிட்டுப் பாக்கச் சர்க்கரை நோய் இல்லாதவங்களும் வேணும். நீங்க வர்றீங்களா?"

"காபி உண்டா?"

"உண்டு. ஒரு பிஸ்கட்டும்."

"ஒண்ணுதானா?"

"ஒண்ணு எடுத்ததும் டப்பாவை மூடிடறதுதானே நம்ம ஊர் வழக்கம். நீங்க என்ன வெளியூரா?"

வந்தான். அன்றைக்குக் கடைசி ஆளாக, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்தான். ஒரு பெட்டியின் மேல் முன்கையை வைத்தால், அடியிலிருந்து நீல வெளிச்சம் தோலில் படும். எத்தனை சர்க்கரை ஒட்டியிருக்கிறதோ அத்தனைக்குத் தோல் மினுங்கும். அவன் கையைப் பிடித்து அவள்தான் சரியாக வைத்தாள்.

"முடிஞ்சதும் வெளியே போய்க் காபி குடிக்கலாமா? பிஸ்கட் டப்பாவை மூடாத கடை ஒண்ணு எனக்குத் தெரியும்..."

அவள் சிரித்தாள். திரையைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"சொல்லுங்க" என்றான் அவன்.

"உங்க வயசுக்கு... ரொம்ப அதிகம். இதுவே நோய்னு அர்த்தமில்ல. ரத்தமும் பாக்கணும்..."

அவன் சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டான்.

"எங்கப்பாவுக்குச் சர்க்கரை. முதல்ல கண்ணு போச்சு, அப்புறம் சிறுநீரகம். அவர் கையைப் பிடிச்சு நடத்தியே எங்கம்மா வயசு போயிடுச்சு. அந்தக் காபி வேணாம்ங்க. இன்னொருத்தியை அந்த வேலைக்கு நான் இழுக்க மாட்டேன்."

போய்விட்டான். போன் செய்தால் எடுக்கவில்லை. அவனுக்கு இருந்தது கோபம் இல்லை, ரோஷம். யாருக்கும் பாரமாக இருக்க மாட்டேன் என்கிற ரோஷம். அதை என்ன சொல்லிக் கரைப்பது? ஃபென்னாவுக்கு இரவெல்லாம் தூக்கமில்லை.

மறுநாள் காலையில் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த மூத்த நர்ஸ் ஹில்டா மூக்கைச் சுளித்தாள்.

"அடியே, நேத்துக் கடைசியா யாருடி கை வெச்சது? கண்ணாடியெல்லாம் பிசுக்கு. லாவெண்டர் வாசனை வேற!"

ஃபென்னாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. க்ரீம் பூசிய தோலும் அந்த வெளிச்சத்தில் மினுங்கும், கணக்கு கெட்டுவிடும். அதனால் நாற்காலியில் உட்காருகிற யாரானாலும் முதல் கேள்வி, 'கையில க்ரீம் பூசியிருக்கீங்களா?' என்பதுதான்.

"ஹில்டா... நான் கேக்கவே இல்ல."

"நீயா? இந்தச் சுவரு வந்து உக்காந்தாலும் கேப்பியே நீ!" என்ற ஹில்டா, அவள் காது மடல் சிவப்பதைப் பார்த்தாள். "ஓ... அப்படியா சங்கதி! பெட்டியைத் தூக்கிட்டு ஓடு, போ."

மழையிலேயே போனாள். கடைக்குள் சர்க்கரை ரொட்டி வெந்துகொண்டிருந்தது.

"கையைச் சோப்புப் போட்டு நல்லாக் கழுவிட்டு வாங்க" என்றாள், வணக்கம்கூடச் சொல்லாமல்.

ஒன்றும் புரியாமல் கழுவிவிட்டு வந்தான். மாவுப் பலகை மேல் பெட்டி. நீல வெளிச்சம். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"நல்லாவே இறங்கிடுச்சு. நேத்துக் கணக்கைக் கெடுத்தது உங்க க்ரீம். எல்லாரையும் முதல்ல கேக்கறதே அதைத்தான்" என்றாள். "ஆனா பொய் சொல்ல மாட்டேன்... வயசுக்குக் கொஞ்சம் கூடுதல்தான். வருஷா வருஷம் ரத்தம் பாருங்க. சர்க்கரை ரொட்டியை விக்கறதோட நிறுத்திக்கோங்க."

"அப்போ, பயம் முழுசாப் போகலையே."

"யாருக்குங்க முழுசாப் போகும்? என் கையை வெச்சாலும் இது மினுங்கும். உங்கம்மாவைக் கேட்டிருக்கீங்களா... அப்பா கையைப் பிடிச்சதை ஒரு வேலைன்னு நெனைச்சாங்களான்னு?"

"கேட்டதில்ல" என்றான், மெதுவாக.

"அது இருக்கட்டும். நேத்து எதுக்கு அவ்வளவு க்ரீம்?"

இப்போது அவன் காது சிவந்தது. மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினான். அடுப்புத் தட்டு சுட்ட தழும்புகள்.

"என் கையெல்லாம் இப்படித்தான், சொரசொரன்னு... நீங்க பிடிச்சுப் பாப்பீங்கன்னு தெரியும். அதான், அக்காவோட டப்பாவைத் திருடிப் பூசிக்கிட்டேன்." ஓரக்கண்ணால் பார்த்தான். "நீங்க ஏன் கேக்கல? எல்லாரையும் கேப்பீங்களாமே."

"எல்லாரையும் கேப்பேன்..." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நேத்து உங்க கண்ணைப் பாத்தேன். கேள்வி மறந்துபோச்சு."

அடுப்பில் ரொட்டி பழுப்பாகிக்கொண்டிருந்தது. எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

"காபி... இப்பவும் கேக்கலாமா?" என்றான். "இந்தக் கையோட?"

அவள் அந்தக் கையைப் பிடித்தாள். தழும்பின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள்.

"சொரசொரன்னுதான் இருக்கு" என்றாள்.

விடவில்லை.