ரப்பர் பால் பூசிய கூரை

"கடே வஹலா, மிஸ்!"

கடை மூடியாயிற்றாம்! கொட்டுகிற மழையில், குருவிட்ட டவுனையே சுற்றித் தேடிக் கண்டுபிடித்த ஏசி பழுதுபார்க்கும் கடை அது. ஷட்டரைப் பாதி இறக்கியபடி சிங்களத்தில் அப்படிச் சொன்னவனைத் தர்மிளா எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள்.

"பாதிதானே மூடியிருக்கிறது! மீதியைத் திற!" என்று அவளும் சிங்களத்திலேயே சண்டைக்கு நின்றாள்.

சாலையோரத்தில் அவளுடைய கேம்பர் வண்டி நின்றது. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கிற சுற்றுலா வண்டி. கூரைமேல் இருந்த ஏசியின் அடியிலிருந்து மழைத்தண்ணீர் உள்ளே சொட்டிக்கொண்டிருந்தது. அதுவும் எங்கே... வெள்ளைக்காரப் பயணி மார்த்தாவின் படுக்கையில்! தர்மிளா தனியாக ஓட்டிவந்த முதல் பயணம் இது. மார்த்தா முகம் சுளித்தால் வேலை போய்விடும்.

அவன் முணுமுணுத்தபடி வண்டிக்குள் ஏறி அண்ணாந்து பார்த்தான். நெற்றி நடுவில் பொட்டென்று ஒரு சொட்டு!

"ஐயோ... என்னா குளிரு!"

தர்மிளாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அட, நீங்க தமிழா? இம்புட்டு நேரம் சிங்களத்துலயா சண்ட போட்டோம்?"

"சண்ட போட்டது நீங்க. நான் கடைய சாத்துனேன், அவ்வளவுதான்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனும் சிரித்தான். அந்தக் கண்கள்... மழை நனைத்த இமைகளுக்குக் கீழே என்ன ஒரு குறும்பு! பெயர் சுரேந்திரன் என்றான். மேலே இருக்கும் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன், அப்பா இன்னும் பால் வெட்டுகிறார்... கேட்காமலே எல்லாம் சொன்னான்.

"நீங்க எந்தப் பக்கம்?"

"கொழும்பு," என்றாள் தர்மிளா.

பச்சைப் பொய்! கேகாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள் அவள். வேலை தேடிப் போன இடத்திலெல்லாம் உண்மையைச் சொன்னாள். "தோட்டமா? வீட்டு வேலைக்கு வருகிறாயா?" என்றார்கள். கொழும்பு என்று சொன்ன இடத்தில்தான் வண்டிச் சாவி கைக்கு வந்தது. அன்றிலிருந்து அவள் ஊர் கொழும்பு.

மழை விட்டதும் சுரேந்திரன் கூரைமேல் ஏறினான். கடையில் ஓட்டை அடைக்கும் சிலிக்கோன் பசை தீர்ந்திருந்தது. அதனால் என்ன? ரப்பர் பாலில் துணியை நனைத்து, ஏசியின் வெளி ஓரம் முழுக்க இடைவெளி இல்லாமல் ஒட்டினான். லயத்துத் தகரக் கூரையில் ஆணி ஓட்டைகளை அப்படித்தான் அடைப்பார்கள். பால் போத்தலைப் பிடித்துக்கொண்டு ஏணியில் நின்றாள் தர்மிளா. அந்தப் புளித்த வாசனை... அப்பாவின் சட்டை வாசனை! விரலில் காய்ந்திருந்த பாலைத் தன்னை அறியாமல் உருட்டி உருட்டி எடுத்தாள். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏன் இப்படிப் பார்க்கிறான்... அவளுக்குப் படபடவென்று வந்தது.

"நாளைக்கும் இந்தப் பக்கம் வருவீங்களா?"

"ஒழுகுனா வருவேன்."

"அப்ப ஒழுகட்டும்!"

வழியெல்லாம் அதையே நினைத்துச் சிரித்துக்கொண்டு ஓட்டினாள். பாவி வாய் பலித்துவிட்டது. ஏசியைப் போட்டுத் தூங்கிய மார்த்தா காலையில் ஈர மெத்தையில் கண் விழித்தார். சொட்டு இல்லை, இப்போது ஊற்றியே விட்டிருந்தது. இன்னொரு முறை இப்படி ஆனால் சாவியை வைத்துவிட்டுப் போ என்று முதலாளி போனில் கத்தினார்.

வண்டியைக் குருவிட்டவுக்கே திருப்பி, மார்த்தாவை எதிர்க்கடையில் தேநீர் குடிக்க உட்கார வைத்துவிட்டு, தர்மிளா சுரேந்திரன் முன்னால் போய் நின்றாள். அவன் முகம் மலர்ந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"இது என்ன, ஒங்க லயத்துக் கூரைன்னு நெனச்சியா? எங்க போனாலும் இந்தத் தோட்டத்துப் புத்தி போகாதா?"

தெருவே திரும்பிப் பார்த்தது. சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. ஒரு காலத்தில் அவளைப் பார்த்து யாரோ சொன்ன வார்த்தை அது... இப்போது அவள் வாயிலிருந்து!

சுரேந்திரன் கூரைக்கு ஏறினான். ஒட்டிய துணியைக் கிழித்து எடுத்தான். ஏசியில் ஊறும் தண்ணீர் அந்த ஓரத்து வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அதை அவனே அடைத்துவிட்டான், தண்ணீர் வண்டிக்குள் இறங்கிவிட்டது. பிறகு உள்ளே வந்து ஏசியின் அடி வாஷரை மாற்றி, போல்ட்டுகளை இறுக்கினான். வாளி வாளியாகக் கூரைமேல் தண்ணீர் ஊற்றிப் பார்த்தான். ஒரு சொட்டுகூட இறங்கவில்லை.

"தப்பு என்னோடதுதாங்க, மிஸ்."

மிஸ்! அந்த ஒரு சொல் அவளைக் குத்தியது. எதிர்க்கடையில் மார்த்தா எழுந்துகொண்டிருந்தார். தர்மிளா சட்டென்று குரலைத் தாழ்த்தினாள்.

"நான் கொழும்பு இல்லீங்க... எங்கப்பாவும் பால் வெட்டுறவருதான்."

"தெரியும்."

"எப்புடி?"

"கொழும்புப் புள்ளன்னா கைய கழுவத்தான் ஓடும். நீங்க உருட்டி எடுத்தீங்க, எங்க லயத்துப் புள்ளைங்க மாதிரி. அத பாத்துதான்... எனக்கு ஒங்கள புடிச்சிச்சு." ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தான். "நீங்க ஏசுனது தெருவுக்கே கேட்டுச்சுங்க. இது எனக்கு மட்டுந்தானே கேக்குது."

மார்த்தா வந்துவிட்டார். "இவரை முன்பே தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை," என்றாள் தர்மிளா. சேச்சே... எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது!

ஷட்டர் இந்த முறை முழுதாக இறங்கியது.

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. வண்டிக்குள் ஒரு துளி விழவில்லை. சாலையின் இருபுறமும் ரப்பர் மரங்கள் ஓடின.

"இதில் எப்படிப் பால் எடுக்கிறார்கள், உனக்குத் தெரியுமா?" என்றார் மார்த்தா.

"தெரியும்." அவள் குரல் உடைந்தது, ஆனால் தாழவில்லை. "என் அப்பா பால் வெட்டுகிறவர். நான் லயத்தில் பிறந்தவள். அந்தக் கடைக்காரரும் அப்படித்தான்... அவரை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது."

மார்த்தா அவளையே பார்த்தார். "இதை அவரிடம் சொன்னாயா?"

"பாதி சொன்னேன்," என்றாள் தர்மிளா. "அதையும் மெதுவாகத்தான் சொன்னேன்."