படுத்த எட்டு

ஏரிக்கரை விடுதிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டியிருந்தது. தம்பி தங்கியிருந்த அறையையே கேட்டு வாங்கினேன். உள்ளே ஈரப் பலகை வாடை. ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்.

காணாமல் போவதற்கு முன் அவன் கடைசியாக இணையத்தில் போட்ட படம் இந்த ஏரிதான். ஊர் ஊராகச் சுற்றி மரம், மேகம், கொக்கு என்று போட்டுக்கொண்டே இருப்பான். முன்பின் தெரியாதவர்களெல்லாம் ஹார்ட் போடுவார்கள். வீட்டுக்கு ஒரு போன் வராது. தேடியவர்கள் கரையில் கிடந்த அவனுடைய கேமராவை மட்டும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதில் ஏதோ பழைய கடையில் பிடித்த லென்ஸ், எங்கள் இருவருக்கும் மூத்தது. தானாக எதையும் தெளிவாக்காது, வளையத்தைக் கையால் திருப்ப வேண்டும். எது தெளிகிறதோ அதன் ஓரங்களில் திரை சிவப்புக் கோடு காட்டும்.

"கிழவனக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரிக்கா," என்பான்.

அம்மா போன் செய்தாள். "ஏதாவது தெரிஞ்சுதாடி?"

"இப்பதாம்மா வந்தேன்."

"அவன் இல்லாம வந்துடாதே."

கரையில் காற்றே இல்லை. அவன் படமெடுத்த இடத்தில் நின்று, அவன் கேமராவின் திரையைப் பார்த்தபடி வளையத்தைத் திருப்பினேன். வெறும் தண்ணீர்மேல் சிவப்புக் கோடுகள் கூடின.

ஓர் ஆள்.

கேமராவைத் தாழ்த்தினேன். யாருமில்லை. மறுபடி பார்த்தபோது உருவம் மங்கியிருந்தது. வளையத்தைக் கிட்டத்து அளவுக்குத் திருப்பியதும் தெளிந்தது.

கிட்டே வந்திருந்தது.

நான் பயப்படவில்லை. பெற்றவள் சாப்பிடாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்போது பயம் எங்கிருந்து வரும்? "வாடா, அக்காதான்டா," என்று கெஞ்சினேன். திருப்பத் திருப்ப வந்தது. வளையம் கிட்டத்துக் கோடியில் முட்டி நின்றபோது சேற்று வாடை முகத்தில் அடித்தது.

தோள் தெரிந்தது. கழுத்து தெரிந்தது.

கழுத்து முடியவே இல்லை.

கை பதறி வளையம் மறுகோடிக்கு ஓடியது. வெகுதூரத்தைக் குறிக்க அதில் பொறித்திருந்த படுத்த எட்டில் போய் நின்றது. அங்கே, நடு ஏரியில், சின்னதாக என் தம்பி. ஒருபக்கம் சாய்ந்த அந்தத் தோளை எனக்குத் தெரியாதா? இரண்டு கைகளையும் வீசி, போ போ என்று விரட்டினான்.

ஓடினேன். அவனை விட்டுவிட்டு, கேமராவோடு வீட்டுக்கே ஓடி வந்தேன்.

மறுநாள் காலை வீட்டில் கண்விழித்தபோது வாசல் கதவு அகலத் திறந்திருந்தது. கூடமெல்லாம் ஈரம். அம்மா கேமராத் திரையைப் பார்த்தபடி நின்றாள்.

"வந்துட்டான்டி!" அழுதுகொண்டே சிரித்தாள். "எவ்வளவு கிட்ட நிக்கிறான் பாரு. முகந்தான் இதுல அடங்கல."

பிடுங்கிப் பார்த்தேன். வளையம் கிட்டத்துக் கோடியில் முட்டி நின்றிருந்தது. படுத்த எட்டுக்குத் திருப்பினேன்.

திறந்த கதவுக்கு அப்பால், தெருக்கோடியில், தம்பி. இப்போது கையை வீசவில்லை. தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

"அம்மா, அது..."

அவள் காதில் விழவில்லை. கொடியிலிருந்து துண்டை உருவிக்கொண்டு, ஒன்றுமில்லாத இடத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"குனிடா. தலையத் துவட்டி விடுறேன்."

துண்டு நனையத் தொடங்கியது.