நாற்பத்தோராவது படம்

லுணுகலைக்கு மேலே மேமலைத் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பிரா என்று ஒரு நீளக் கட்டடம் உண்டு. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்வதற்காகக் கட்டியது. உத்தரத்தில் வரிசையாக இரும்புக் கொக்கிகள். ஒவ்வொரு கொக்கியிலும் முன்பு ஒரு சேலைத் தொட்டில் ஆடும். பிள்ளைகள் போய்ப் பல வருடமாகிவிட்டது. மூன்று வருடத்துக்கு முந்திய மண்சரிவில் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் போன பிறகு, புது வீடு கட்டும் குழுவுக்கு அதையே காரியாலயமாகக் கொடுத்தார்கள். ஒரு மேசை, ஒரு கொம்பியூட்டர், ஒரு நாற்காலி. நாற்காலிக்கு மூன்று கால்தான். நாலாவது காலின் வேலையைச் செங்கல் பார்த்தது.

அந்த வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஜீவராணி கதவைத் திறந்தாள். பனிமூட்டம் அவளுக்கு முன்பே உள்ளே போய் உட்கார்ந்திருந்தது.

வேலை இதுதான். வீடிழந்த குடும்பங்கள் அறுபத்து மூன்று. குடும்பத்துக்கு ஒரு படம். பெயர், அடையாள அட்டை எண், லய இலக்கம், ஆட்களின் தொகை எல்லாம் எக்செலில் இருந்தன. அந்தக் காலத்தில் படத்தின் முதுகில் பென்சிலால் பெயர் எழுதுவார்களே, அதைப்போல எக்செலில் இருப்பதையெல்லாம் அந்தந்தப் படத்துக்குள் பதிய வேண்டும். அதற்கென்று ஒரு மென்பொருள் இருந்தது. அது ஒவ்வொரு முகத்தையும் கண்டுபிடித்து, பச்சைக் கட்டம் போட்டு, கீழே பெயரை ஒட்டும். ஒரு படம் பிழையானாலும் அதிகாரிகள் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாலை நாலு மணி கடைசி. அதைத் தவறவிட்டால் வீடு இரண்டாம் கட்டத்தில்தான். இரண்டாம் கட்டம் வந்ததைப் பார்த்தவர்கள் மேமலையில் ஒருவரும் இல்லை.

ஜீவராணியும் அம்மா கருப்பம்மாவும் மூன்று வருடமாகத் தகரக் கொட்டிலில் இருந்தார்கள். மழை பெய்தால் ஒருவர் தூங்குவார், மற்றவர் பாத்திரம் மாற்றி வைப்பார்.

முதல் ஓட்டத்தில் அறுபத்திரண்டு சரி, ஒன்று பிழை.

'படம் 41. ஆட்களின் தொகை பொருந்தவில்லை.'

நாற்பத்தொன்று அவளுடைய சொந்தப் படம். கொட்டில் வாசலில் அம்மாவும் அவளும். எக்செலில் இரண்டு பேர். படத்தில் மூன்று பேர் என்றது மென்பொருள்.

திறந்து பார்த்தாள். அம்மாவின் முகத்தில் ஒரு கட்டம்: கருப்பம்மா. தன் முகத்தில் ஒரு கட்டம்: பெயரில்லை. மூன்றாவது கட்டம் தகரச் சுவரோரம், முழங்கால் உயரத்தில், ஒன்றுமே இல்லாத இடத்தில் இருந்தது.

அதன் கீழே: ஜீவராணி.

"சனியனே" என்று கொம்பியூட்டரைத் திட்டிவிட்டு அந்தக் கட்டத்தை அழித்தாள். தன் முகத்துக்குத் தன் பெயரைக் கொடுத்தாள். சேமித்தாள். மூடித் திறந்தாள். பெயர் மறுபடியும் சுவரோரத்துக்குப் போயிருந்தது.

இப்படிப் பதினொரு தடவை. இடையில் இரண்டு தடவை கரண்ட் போனது. ஏழாவது தடவை தலைக்கு மேலே ஒரு கொக்கி 'கிறீச்' என்றது.

காற்று இல்லை.

குழுச் செயலாளர் தங்கராஜா கதவில் தலையை நீட்டினார். "என்ன தங்கச்சி, அறுபத்து மூணு போட்டோவுக்குப் பேர் வைக்க ஒரு நாளா? பிரசவ ஆஸ்பத்திரியில இதவிட வெரசா வைப்பாங்களே!"

"படத்துல இல்லாத ஆளுக்குக் கட்டம் போடுதுண்ணே."

"அப்ப வேற படம் எடு. அதுக்கு ஒரு கூட்டமா வைக்க முடியும்?"

மூன்று மணி தாண்டி, பிந்திப்போன பகல் சாப்பாட்டுக்கு ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டுவந்த கருப்பம்மாவை வாசலில் நிறுத்தி, தானும் பக்கத்தில் நின்று, தங்கராஜா கையில் ஃபோனைக் கொடுத்துப் புதுப்படம் எடுத்தாள். அவர் "சிரிம்மா" என்றார். கருப்பம்மா அறுபது வருடமாகச் செய்யாததை அன்றும் செய்யவில்லை. அவர் போனதும் ஜீவராணி படத்தை ஏற்றினாள்.

மூன்று கட்டம்.

மூன்றாவது இப்போது சுவரோரத்தில் இல்லை. இருவருக்கும் நடுவில் வந்திருந்தது. கருப்பம்மாவின் வலது கை சற்றுத் தாழ்ந்து, விரல்கள் மடிந்து, எதையோ பிடித்திருந்தன.

"அம்மா, கையில என்ன வச்சிருந்தீங்க?"

"ஒண்ணுமில்லையே."

கருப்பம்மா திரையைப் பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. கட்டத்தின் உயரத்தை மட்டும் பார்த்தாள். ரொட்டிப் பொட்டலம் மேசையில் நழுவியது.

அறையில் புளித்த பால்மா வாசனை எழுந்தது.

"அந்தக் கட்டத்துல என்ன எழுதியிருக்கு?" என்றாள் மெதுவாக.

"என் பேரு."

"ஒம் பேரு இல்லடி அது."

கொக்கி மறுபடியும் அசைந்தது. கிறீச். கிறீச். ஏதோ ஒன்றை ஆட்டுகிற தாளம்.

கருப்பம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "ஒனக்கு முன்னுக்கு ஒருத்தி இருந்தா. மூணு வயசுல வயித்தால போயி, இந்தா, இந்தக் காம்பிராவுலதான் கண்ண மூடினா. சாவப் பதியல. அடுத்து நீ பொறந்த. ஒன்னையப் பதிய பதுள போக ஒங்கப்பாவுக்கு நாள் கெடைக்கல. கடதாசி ஒண்ணு சும்மாதான கெடக்குன்னு அவ பொறப்புக் கடதாசிய ஒனக்குக் குடுத்துட்டோம். ஸ்கூலுக்கு, கார்டுக்கு எல்லாத்துக்கும் அதுதான். ஒனக்கு நாலு வயசு கூடத்தான் போட்டிருக்கு."

"அப்ப எனக்குன்னு என்ன பேரு வச்சீங்க?"

கருப்பம்மா யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"பாப்பான்னுதான் கூப்பிடுவோம்."

"அவளப் பொதைச்ச எடம்?"

"சரிவுல அதுவும் போயிருச்சு. அவளுக்கும் எடமில்லதான."

மணி மூன்று முப்பத்தைந்து. ஜீவராணிக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. இருபத்தைந்து வருடம் பேசாமல் இருந்தவள், அறுபத்து மூன்று குடும்பம் காத்திருக்கிற நாளிலா வருவாள்? ஆட்களின் தொகையை மூன்றாக்கினாள். தன் கட்டத்தில் 'பாப்பா' என்று அடித்தாள்.

'அடையாள அட்டை எண் தேவை.'

தன் எண்ணைக் கொடுத்தாள்.

'இந்த எண் ஜீவராணிக்கு உரியது.'

மூன்று ஐம்பத்திரண்டு. தங்கராஜா வெளியில் நின்று கத்தினார். "புள்ள, எட்டு நிமிசந்தான் இருக்கு! சனம் எல்லாம் என்னையத்தான் அடிக்கும்!"

"இருங்கண்ணே!"

நடுவில் இருந்த கட்டத்தை அழிக்கப் பார்த்தாள். அழியவில்லை. கருப்பம்மாவின் கட்டமும் அழியவில்லை. திரையில் புதிதாக ஒரு கேள்வி வந்தது.

'பெயரில்லாத கட்டத்தை நீக்கவா?'

தொகையைத் திரும்ப இரண்டாக்கினாள். எக்செலில் கருப்பம்மா, ஜீவராணி. படத்திலும் கருப்பம்மா, ஜீவராணி. கணக்கு ஒத்துப்போகும். வெறும் பச்சைக் கோடுதானே என்று நினைத்தாள்.

"பாப்பா, வேணாம்" என்றாள் கருப்பம்மா.

'ஆம்' என்பதை அழுத்தினாள்.

அறுபத்து மூன்றும் சரி. மூன்று ஐம்பத்தெட்டுக்கு ஃபைல்கள் போய்ச் சேர்ந்தன. கொக்கிச் சத்தம் நின்றது. ஜீவராணி ஆறிப்போன ரொட்டியை முழுதாகத் தின்றாள்.

அதிலிருந்து நாலாம் மாதம் வீடு கொடுத்தார்கள். நல்ல வெயில். புதுச் சுண்ணாம்பு வாசனை. பந்தலின் கீழே தங்கராஜா பட்டியலை வாசித்தார்.

"நாப்பத்தொண்ணு. கருப்பம்மா, மகள் ஜீவராணி!"

இருவரும் முன்னே போனார்கள். தங்கராஜா சாவியைக் கருப்பம்மாவின் கையில் வைத்தார். பட்டியலைப் பார்த்தார். பிறகு கீழே, அவளுடைய முழங்கால் பக்கம் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, நீதானா ஜீவராணி? போட்டோவுல இருக்கிற மாதிரியே இருக்கியே!"

சட்டைப்பையிலிருந்து ஒரு டொஃபியை எடுத்துக் குனிந்து நீட்டினார்.

கை வெறுமையாக மேலே வந்தது.

"அண்ணே..." என்றாள் ஜீவராணி.

எத்தனையோ மாதம் அவளிடம் தினமும் வேலை வாங்கிய மனிதர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். முன்பின் தெரியாதவரிடம் காட்டும் மரியாதையோடு பார்த்தார்.

"நீங்க யாரும்மா? வீடு கெடைச்சவங்க மட்டும் முன்னுக்கு வாங்க."

"அம்மா, சொல்லுங்கம்மா."

கருப்பம்மா திரும்பவில்லை. அவள் குனிந்து டொஃபித் தாளைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.